பார்க்காத சிக்னலும் பார்க்கும் கேமராவும்: ஓசூர் வட்டாரத்தில் இருசக்கர வாகனமும் சாலை விளக்கும்

1. கேள்வி

அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் நெடுநாளாக ஒரு புகார் இருக்கிறது. சிக்னலில் தனியாக நின்றால் பச்சை விழுவதில்லை. பின்னால் ஒரு கார் வந்து நின்ற பிறகுதான் விளக்கு மாறுகிறது. தார்ச்சாலைக்குள் பதித்திருக்கும் உணர்விக்குக் கார் தெரிகிறது, பைக் தெரிவதில்லை. அங்கே பல மாநிலங்கள் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியிருக்கின்றன.

ஓசூரில் இப்படி ஒரு புகாரை யாரும் சொல்வதில்லை. ஆனாலும் இந்தக் கேள்வியைக் கேட்க இதைவிடப் பொருத்தமான வட்டாரம் இந்தியாவில் எளிதில் கிடைக்காது. 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது இந்த ஊரிலிருந்துதான். டி.வி.எஸ். மோட்டாரின் தலைமை ஆலை இன்றும் இங்கேதான். ஏதர் மின் ஸ்கூட்டர்கள் ஓசூரிலும், ஓலாவின் வண்டிகள் 2021இல் எழுந்த போச்சம்பள்ளி ஆலையிலும், சிம்பிள் எனர்ஜியின் வண்டிகள் சூளகிரியிலும் உருவாகின்றன. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த ஒரு மாவட்டத்துக்குள், ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத் தொலைவில், நாட்டின் இருசக்கர வாகன உற்பத்தியில் கணிசமான பங்கு நடக்கிறது. அவற்றைச் செய்கிற தொழிலாளி ஷிப்டுக்குப் போவதும் பெரும்பாலும் இருசக்கர வாகனத்தில்தான்.

அந்த வண்டியை இந்த வட்டாரத்துச் சாலை விளக்கு எப்படிக் கணக்கில் கொள்கிறது, இனி எப்படிக் கொள்ளப்போகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பைக் விளக்குக்குத் தெரியாமல் போவது உணர்வியின் நுட்பக் குறை என்பது பரவலான புரிதல்: கருவியைக் கொஞ்சம் கூர்மையாக்கினால் தீர்ந்துவிடும். அது பாதி உண்மை. மீதிப் பாதி, யாரை எண்ணுவது, எதற்காக எண்ணுவது என்ற முடிவில் இருக்கிறது. அந்த முடிவை எடுப்பது கருவி இல்லை.

2. கம்பி வளையத்துக்கு எது தெரிகிறது

முதலில் கருவியைப் பார்ப்போம். நிறுத்தக் கோட்டை ஒட்டித் தார்ச்சாலையில் ரம்பத்தால் ஒரு சதுரக் காடி வெட்டுகிறார்கள். பக்கத்துக்கு 6 அடி என்பது பழகிய அளவு. காடிக்குள் காப்பிட்ட செம்புக் கம்பியை மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, மேலே பசை ஊற்றி அடைத்துவிடுகிறார்கள். கம்பியின் இரு முனைகளும் முறுக்கிக்கொண்டு ஓரத்தில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகின்றன. அங்கிருந்து வரும் மாறுமின்னோட்டம் விநாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறுகிறது. அதனால் வளையத்தின் மேலே ஒரு காந்தப்புலம் துடித்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் புலத்துக்குள் உலோகம் வந்தால், உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் சூடாவதற்குப் பின்னால் இருப்பதும் இதே விதிதான். அந்தச் சுழல் மின்னோட்டம் வளையத்தின் புலத்தை எதிர்க்கிறது. வளையத்தின் மின்தூண்டல் சற்றுக் குறைகிறது. அலைவெண் சற்று ஏறுகிறது. அந்த ஏற்றத்தைப் பெட்டிக்குள் இருக்கும் அட்டை கண்டுபிடித்து, வண்டி வந்திருக்கிறது என்று சொல்கிறது.

இதிலிருந்து சில பொதுநம்பிக்கைகள் அடிபட்டுப் போகின்றன. வளையம் எடையை அறிவதில்லை. கனமான ஆள் ஏறி உட்கார்ந்தாலும் ஒன்றுதான், இருவர் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். இரும்பு வேண்டும் என்பதும் இல்லை. மின்சாரத்தை நன்கு கடத்துகிற அலுமினியம் இன்னும் நன்றாகவே வேலை செய்யும். பைக்கின் அடியில் வலுவான காந்தத்தை ஒட்டிக்கொண்டால் சிக்னல் மாறும் என்று சொல்லி அமெரிக்காவில் காந்தம் விற்கிறார்கள். அசையாத காந்தப்புலம் இந்தக் கருவிக்குப் பொருட்டே இல்லை என்பதால் அது வீண்செலவு.

பிறகு பைக் ஏன் தெரிவதில்லை? காரின் அடித்தளம் வளையத்துக்கு இணையாகக் கிடக்கிற அகன்ற உலோகத் தகடு. கீழிருந்து மேலெழும் புலத்தை அது முகத்துக்கு நேரே தடுக்கிறது. மின்தூண்டல் சில சதவீதம் இறங்கிவிடும். பைக்கில் தரைக்கு அருகே இருப்பவை செங்குத்தாக நிற்கும் இரண்டு சக்கரங்கள். வளையத்தின் நடுவில் புலம் செங்குத்தாக மேலெழுகிறது. சக்கர விளிம்பும் செங்குத்து. புலக்கோடுகள் சக்கரத்தின் இருபுறமும் உரசாமல் போய்விடுகின்றன. சிறிய பைக் உண்டாக்கும் மாற்றம் ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சிறுத்துவிடும். ஆகவே பாதையின் நட்டநடுவில் ஒழுங்காக நிற்கும் பைக்காரரே கருவிக்கு மிகக் குறைவாகத் தெரிகிறார். காடி வெட்டிய கோட்டின் மேலேயே, கோட்டை ஒட்டிச் சக்கரத்தை வைத்து நின்றால் நிலைமை மாறுகிறது. அங்கே புலம் கம்பியைச் சுற்றி வளைந்து கிடைமட்டமாக ஓடுவதால் சக்கர விளிம்பை ஊடறுத்துச் செல்லும். சுழல் மின்னோட்டம் எழும். விளக்குக்குச் செய்தி போகும்.

மின் ஸ்கூட்டர் பற்றியும் ஒரு சொல். பிளாஸ்டிக் உடம்பு என்பதால் அது இன்னும் மறைந்துபோகும் என்று எண்ணத் தோன்றும். கால் வைக்கும் தளத்துக்கு அடியில் பேட்டரியின் உலோகப் பெட்டி கிடையாகப் படுத்திருக்கிற வடிவமைப்பில், வளையத்தின் கண்ணுக்கு அது பழைய மொபெட்டைவிடத் தெளிவாகவே தெரிய வாய்ப்புண்டு. இயற்பியலின்படி நான் இப்படி ஊகிக்கிறேன். சாலையில் அளந்து பார்க்க வேண்டிய விஷயம்.

உணர்திறனைக் கூட்டினால் போதாதா என்றால், கூட்டலாம். அப்போது பக்கத்துப் பாதையில் போகும் லாரியும் இந்தப் பாதையில் நிற்பதாகத் தெரியத் தொடங்கும். வளையத்தை எட்டு வடிவத்திலோ சாய்வாகவோ வெட்டினால் இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் கிடைக்கிறது. நெதர்லாந்தில் மிதிவண்டிப் பாதைகளில் இப்படிப்பட்ட வளையங்கள் மிதிவண்டியையே பிடித்துக்கொள்கின்றன. அதாவது பைக்கைக் காண்பது இயலாத காரியமாக ஒருபோதும் இருந்ததில்லை. காரைக் கண்டால் போதும் என்று முடிவெடுத்த பொறியாளர்கள் அதற்கேற்ற வடிவத்தை வெட்டினார்கள்.

3. சட்டம் தந்த இரண்டு விடைகள்

இந்தக் குறைக்கு அமெரிக்க மாநிலங்கள் இரண்டு வகையில் விடை கண்டன. மினசோட்டா 2002இல் ஓட்டுநருக்கு ஒரு தற்காப்பு வாதத்தை அளித்தது. மோட்டார் சைக்கிளை நிறுத்தி, நியாயமான நேரம் காத்திருந்து, விளக்கு தன்னைக் காணவில்லை என்று தெரிந்து, குறுக்கே ஆபத்தாக வண்டி வராதபோது சிவப்பைக் கடந்திருந்தால், நீதிமன்றத்தில் அதை நிறுவித் தப்பிக்கலாம். வேறு பல மாநிலங்களும் இதே வழியில் போயின. கலிஃபோர்னியா 2007இல் மறுபக்கத்திலிருந்து வந்தது: புதிதாக வைக்கும் உணர்விகள் மோட்டார் சைக்கிளையும் மிதிவண்டியையும் காண வேண்டும் என்று சாலையை வைத்திருக்கிற அரசு அமைப்பின் மேல் கடமையைச் சுமத்தியது.

இரண்டும் ஒரே குறைக்கான விடைகள்தாம். பாரம் எங்கே விழுகிறது என்பதில்தான் வேறுபாடு. முதலாவதில் கருவியின் குறையை ஓட்டுநர் தன் துணிச்சலால் ஈடுகட்ட வேண்டும், பிறகு சாட்சியும் தேட வேண்டும். இரண்டாவதில் கருவியை வாங்குகிறவர் பதில் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டாவதே நேர்மையானதாகப் படுகிறது.

இந்தியச் சட்டத்தில் இந்த இரண்டில் எதுவும் இல்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபோது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது ஆபத்தாக ஓட்டுவது பற்றிய 184ஆம் பிரிவுக்குள் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டது. முதல் குற்றத்துக்கு அபராதம் 1,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை. 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையும் விதிக்கலாம். விளக்கு மாறவே இல்லை என்பதற்கு அங்கே விதிவிலக்கு ஏதும் எழுதப்படவில்லை. எழுதாததற்கு ஒரு காரணமும் உண்டு. அதுதான் அடுத்த பகுதி.

4. யாரையும் காணாத சிக்னல்

தமிழ்நாட்டு நகரங்களில் நாம் காணும் சிக்னல்களில் பெரும்பாலானவை எந்த வண்டியையும் காண்பதில்லை. காலையில் இத்தனை விநாடி, மாலையில் இத்தனை விநாடி என்று முன்கூட்டியே வைத்த நேரக்கணக்கில் அவை சுழல்கின்றன. இறங்குமுக எண்கள் ஒளிர்கின்றன. நெரிசல் முற்றினால் போக்குவரத்துக் காவலர் பெட்டியைத் திறந்து கையால் இயக்குகிறார். இரவு ஏறியதும் மஞ்சள் மினுக்கலுக்கு விட்டுவிடுகிறார்கள். சாலைக்குள் வளையம் இல்லாததால், வளையம் பைக்கைக் காணாத சிக்கலும் எழுவதில்லை.

யாரையும் பார்க்காத விளக்கு யாரையும் விட்டுவிடுவதும் இல்லை. தேன்கனிக்கோட்டை சாலையிலிருந்து தனியாக வரும் ஒரு எக்ஸெல் வண்டிக்கும், தேசிய நெடுஞ்சாலை 44இல் வரிசைகட்டி வரும் கன்டெய்னர் லாரிகளுக்கும் அவரவர் முறை வந்தே தீரும். இதில் ஒரு குருட்டுச் சமத்துவம் இருக்கிறது. அதன் விலை வீணாகும் பச்சை. எதிரே ஈ காக்கை இல்லாத நேரத்தில் 60 விநாடி சிவப்பில் நிற்கச் சொன்னால் நிற்பவர் குறைவு. சிக்னலை மதிக்காதவர்கள் என்று பைக்காரர்களைக் கடிந்துகொள்வது எளிது. அந்த விளக்கு சாலையில் இருப்பதை வைத்து மாறுவதில்லை என்பதை அவர்கள் தினமும் பார்த்துத் தெரிந்துவைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஷிப்ட் விடும் நேரத்தில் சிப்காட் பக்கத்துச் சந்திப்பு ஒன்றை உற்றுப் பார்த்தால் வேறொன்று புரியும். சிவப்பு விழுந்ததும் முதலில் நிற்பவை ஒரு லாரியும் ஒரு கம்பெனி பஸ்ஸும். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழ அகல இடைவெளி. அதன் வழியே ஒரு பைக் நுழைகிறது, அதன் வாலைப் பிடித்து இன்னொன்று, பிறகு இடது ஓரத்து மண்ணில் இறங்கி நான்கைந்து. எல்லாம் லாரியின் முகப்புக்கும் வெள்ளைப் பட்டைகளுக்கும் நடுவில் போய்த் தேங்குகின்றன. எண் 15க்கு இறங்கும்போது முதல் வரிசை நிறுத்தக் கோட்டைத் தாண்டிவிட்டிருக்கும். 5க்கு இறங்கும்போது நடந்து கடப்பவர்களுக்கான பட்டைகள் மேல் வண்டிகள் நிற்கும். அணைத்து வைத்திருந்த பெட்ரோல் வண்டிகள் கிளம்புமுன் மின் ஸ்கூட்டர்கள் சத்தமில்லாமல் முந்திக்கொள்ளும்.

இந்தச் சந்திப்பில் அமெரிக்க முறைப்படி வளையம் பதித்திருந்தால் என்ன ஆகும்? வளையம் இருப்பது கோட்டுக்குப் பின்னால். பைக்குகள் நிற்பது கோட்டுக்கு முன்னால். எவ்வளவு கூர்மையான உணர்வியாக இருந்தாலும், தன் எல்லைக்கு வெளியே நிற்கும் வண்டியை அது காணாது. சந்திப்புக்கு வெகு முன்பே, ஒவ்வொரு பாதைக்கும் ஒரு வளையம் என்று பதித்து வரவை எண்ணுகிற பிரிட்டனின் ஸ்கூட் முறையிலும் இதே சங்கடம் உண்டு: பைக்குகள் இரண்டு வளையங்களுக்கும் இடைப்பட்ட இடத்தில் ஓடும். பாதைக்கு ஒரு வண்டி, வண்டிக்குப் பின் வண்டி என்ற ஒழுங்கை உணர்விகள் எடுத்துக்கொண்டே பிறந்தவை. நம் சாலையில் வரிசை நீளத்தில் வளர்வதைவிட இடுக்குகளில் நிரம்புகிறது. ஆகவே மேற்கத்தியப் புகாரில் வரும் குறையும் நம் குறையும் ஒன்றில்லை. அங்கே வண்டி சரியான இடத்தில் நின்றும் தெரியவில்லை. இங்கே வண்டி நிற்கும் இடமே கருவியின் வரைபடத்தில் இல்லை.

தைவான் இதைச் சாலையில் கோடு போட்டே தீர்க்கப் பார்த்தது. நிறுத்தக் கோட்டைக் கார்களுக்குப் பின்னுக்குத் தள்ளி, முன்னால் இருசக்கர வாகனங்களுக்கென ஒரு பெட்டி வரைந்தார்கள். இந்தோனேசிய நகரங்கள் சிலவற்றிலும் இந்தப் பெட்டி உண்டு. பைக்காரர்கள் எப்படியும் முன்னே வரத்தான் போகிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டு, வரும் இடத்தை வரையறுத்தால், நடப்பவரின் பட்டைகளும் மிஞ்சும். உணர்வியை எங்கே வைப்பது என்பதும் தெரியும். ஓசூர் அகலத்துச் சாலைகளில் இதற்கு ஆகும் செலவு கொஞ்சம் வெள்ளைப் பூச்சு.

5. சென்னையில் செய்துகாட்டிய வளையம்

நம் சாலைக்கென்றே ஒரு வளையம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே வடிவமைக்கப்பட்டுள்ளது என்பது சாலைப் பேச்சுகளில் அதிகம் அடிபடாத செய்தி. சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஷேக் முகமது அலி, பாபி ஜார்ஜ், லெலிதா வனஜாட்சி, ஜெயசங்கர் வெங்கட்ராமன் ஆகியோர் 2012இல் ஐ.இ.இ.இ.யின் அளவீட்டு ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, பாதை ஒழுங்கற்ற கலப்புப் போக்குவரத்துக்கான பல்வளைய உணர்வி ஒன்றை முன்வைக்கிறது. மின்பொறியியலும் போக்குவரத்துப் பொறியியலும் கைகோத்துச் செய்த வேலை அது.

அவர்கள் எடுத்துக்கொண்ட முடிச்சு இது. வளையத்தின் புலம் எவ்வளவு உயரம் எழும் என்பது வளையத்தின் அகலத்தைப் பொறுத்தது. குறுகிய பக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. பஸ்ஸின் அடித்தளம் உயரத்தில் இருப்பதால் அதைக் காணப் பெரிய வளையம் வேண்டும். மிதிவண்டி சிறியது, பெரிய வளையத்தில் அது காணாமல் போகும், சிறிய வளையத்தில்தான் தெரியும். நமக்கோ இரண்டும் வேண்டும், அதுவும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். பெரிய வளையத்துக்குள் சிறிய வளையங்களை அமைத்து, சாலையின் அகலம் முழுவதும் அவற்றைப் பரப்பினார்கள். எந்த அளவு வளையம் எவ்வளவு மாறியது என்பதை வைத்து வந்தது பஸ்ஸா, காரா, பைக்கா, மிதிவண்டியா என்று பிரிக்க முடிந்தது. வண்டிகள் அக்கம்பக்கமாகக் கலந்து போனாலும் ஒவ்வொரு வகையையும் தனித்தனியே எண்ண முடிந்தது. மாதிரி அமைப்பைச் செய்து களத்தில் சோதித்து, எல்லா வகையும் சரியாகப் பிடிபட்டதாக அவர்கள் காட்டினார்கள்.

இந்த ஆய்வை எப்படி மதிப்பிடுவது? பைக்கைக் காண முடியாது என்பது இயற்கை விதி இல்லை என்று உள்நாட்டிலேயே நிறுவியது அதன் முதன்மையான பயன். ஆனால் மாதிரி அமைப்பு ஒரு சந்திப்பின் பத்தாண்டு வாழ்க்கையைத் தாங்குமா என்பது வேறு சோதனை. நம் சாலையில் புதைத்த கம்பிக்கு எதிரிகள் பலர். குடிநீர்க் குழாய்க்கு ஒருமுறை, பாதாளச் சாக்கடைக்கு ஒருமுறை, கேபிளுக்கு ஒருமுறை தோண்டுகிறார்கள். மேல்தளத்தைச் சுரண்டிப் புதுத்தார் போடும் இயந்திரம் காடியையும் சேர்த்துச் சுரண்டிவிடும். பாரமேறிய லாரிகள் பிரேக் போடும் இடத்தில் தார் அலையலையாக ஒதுங்கும். கம்பியும் கூடவே இழுபடும். வளையங்களின் எண்ணிக்கை கூடக்கூட அறுந்துபோகும் வாய்ப்பும் கூடுகிறது. சாலையைத் தோண்டாமல் கம்பத்தில் மாட்டிவிடலாம் என்ற ஒரு வசதியே கேமராவை முன்னுக்குக் கொண்டுவந்தது என்று நினைக்கிறேன்.

6. ஒரு பைக் எத்தனை கார்?

கண்டுகொண்டாலும் எவ்வளவாக எண்ணுவது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இந்திய சாலைப் பேராயத்தின் 1990ஆம் ஆண்டு வழிகாட்டி, நகரச் சாலைகளின் கொள்ளளவைக் கணக்கிட ஒவ்வொரு வண்டியையும் கார் அலகாக மாற்றுகிறது. கார் 1. இருசக்கர வாகனம், மொத்தப் போக்குவரத்தில் 5 சதவீதமாக இருந்தால் 0.5, 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 0.75. பஸ்ஸும் லாரியும் அதேபோல் 2.2, 3.7. பிரிட்டனில் வெப்ஸ்டரும் காபும் 1966இல் சிக்னல்களுக்காகத் தந்த அட்டவணையில் மோட்டார் சைக்கிளின் மதிப்பு 0.33.

சிவப்பில் 20 பைக்குகள் சேர்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் கணக்கில் அவை 15 கார். இரண்டாம் கணக்கில் 7 காருக்கும் குறைவு. அந்தக் கிளைச்சாலைக்கு எத்தனை விநாடி பச்சை என்பது இந்த எண்ணிலிருந்து பிறக்கிறது. எந்த உணர்வியும் வருவதற்கு முன்பே, காகிதத்தில் ஒரு பைக் இரண்டு மடங்காகவோ பாதியாகவோ ஆகிவிடுகிறது. கலப்புச் சாலையில் 0.75 என்பது ஓடும் வண்டி பிடிக்கும் இடத்துக்குப் பொருந்தலாம். பச்சை விழுந்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு கொத்தாகப் பாய்ந்து வெளியேறும் பைக்குகளுக்கு அது கூடுதலான மதிப்பு. அதாவது பைக்காரருக்கு இந்தக் கணக்கு எப்போதும் பாதகமாகவே இருக்கிறது என்று சொல்ல முடியாது. சில நேரம் கைகொடுக்கவும் செய்கிறது.

கார் அலகு அளப்பது தார்ப்பரப்பை. ஆட்களை அது அளப்பதில்லை. 50 தொழிலாளர்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ் 3.7 என்றால், ஒருவர் மட்டும் உட்கார்ந்த நான்கு கார்கள் அதை மிஞ்சிவிடும். ஆளை எண்ணுவது என்று இறங்கினால் முதலில் பயன்பெறுவது பஸ். அடுத்தது, பின்னிருக்கையில் ஒருவரை ஏற்றிவரும் பைக். பைக்குக்கு நியாயம் கேட்கிறவர்கள் இந்த வரிசையையும் ஏற்க வேண்டியிருக்கும். இருசக்கர வாகனத்துக்குச் சலுகை கூடக்கூட பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் பெருகுவார்கள் என்ற எதிர்வாதத்தில் பொருள் இருக்கிறது. சாலை அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அவர்களைப் பெருக்குவது எந்தக் கொள்கைக்கும் இலக்காக இருக்க முடியாது. ஆனால் இன்று சாலையில் இருப்பவரை எண்ணாமல் விடுவதற்கு அது காரணமாகாது.

7. வடக்கிலிருந்து வரும் கண்

ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 40 கி.மீ. அங்கே இரண்டு வகைக் கண்கள் வந்துவிட்டன. அவை வந்த வரிசைதான் கவனிக்கத்தக்கது.

2022 டிசம்பரில் பெங்களூரில் 50 சந்திப்புகளில் அபராத நோக்கிலான கேமரா அமைப்பு தொடங்கப்பட்டது. எண்பலகையைப் படிக்கும் 250 கேமராக்கள், சிவப்பைத் தாண்டுவதைப் பிடிக்கும் 80 கேமராக்கள். தலைக்கவசம் இல்லாதவர், மூவராகச் செல்பவர், நிறுத்தக் கோட்டைத் தாண்டி நிற்பவர் என்று அவை இனம் பிரிக்கின்றன. வரத்துக்கு ஏற்பப் பச்சையை நீட்டிக் குறைக்கும் அமைப்பு, திருவனந்தபுரம் சி-டாக் இந்தியக் கலப்புப் போக்குவரத்துக்கென்று உருவாக்கிய மென்பொருளுடன், அதற்குப் பிறகுதான் 2024 வாக்கில் சந்திப்பு சந்திப்பாகப் பரவத் தொடங்கியது. பைக்கைக் காண முடியுமா என்ற நுட்பக் கேள்விக்கு இதிலேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது. அபராதம் விதிக்கும் கண்ணுக்குப் பைக் மட்டுமில்லை, பின்னால் உட்கார்ந்தவரின் தலையும் தெரிகிறது.

பச்சை தரும் கண்ணின் வேலை இன்னும் கடினம் என்பதை மறுக்கவில்லை. எண்பலகையைப் படிக்கும் கேமரா ஆயிரத்தில் பத்தை விட்டாலும் யாருக்கும் நட்டமில்லை. வரத்தை எண்ணும் கேமரா பஸ்ஸின் பின்னால் மறைந்த பைக்கை விட்டுவிட்டால் கணக்கே பிசகுகிறது. இரவில் முகப்பு விளக்கின் ஒளிவெள்ளத்தில் மூன்று பைக்குகள் ஒரே வெளிச்சப் பொட்டாகின்றன. மழைக்கோட்டுடன் இருவர் அமர்ந்த வண்டியின் உருவமே மாறிவிடுகிறது. வண்டிகளை இனம்காண மென்பொருளைப் பழக்கும் படத்தொகுப்புகளும் தம் ஊரைச் சுமந்தே வருகின்றன. உலகெங்கும் பயன்பட்ட, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் பிறந்த 2012ஆம் ஆண்டின் கிட்டி தொகுப்பில் டிராமுக்கு ஒரு வகை உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் ஓட்டிச் சேர்த்த 10,000 படங்களின் தொகுப்பு ஆட்டோவுக்கும் பைக்குக்கும் ஓட்டுநருக்கும் தனி வகை வைத்து இந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. அதுவும் ஓடும் காரின் முகப்பிலிருந்து எடுத்தது. கம்பத்தின் உச்சியிலிருந்து கீழே பார்க்கும் கோணம் வேறு. கூகுளின் கிரீன் லைட் திட்டம் பெங்களூர் உட்படச் சில நகரங்களில் கைபேசிகளின் நகர்விலிருந்தே நேரக்கணக்குக்கு யோசனை சொல்கிறது. நெரிசலில் இடுக்குப் பிடித்து முன்னேறும் கைபேசி, அந்தச் சாலை நன்றாக ஓடுகிறது என்ற தோற்றத்தைத் தராதா என்ற ஐயம் எனக்கு உண்டு.

இனி சட்டத்தின் பக்கம். 2019 திருத்தத்தில் வந்த 136ஏ பிரிவு மின்னணுக் கண்காணிப்பை மாநிலங்களின் கடமையாக்கியது. கோவை எலும்புமுறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024இல் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதி இதற்கு நடைமுறை வகுக்கிறது. அதில் ஒரு நல்ல அம்சம் உண்டு: அபராதக் கருவி துல்லியமாக வேலை செய்கிறது என்று மாநில அரசின் அதிகாரி சான்றளிக்க வேண்டும், அந்தச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். கேமரா இருக்கிறது என்று எச்சரிக்கைப் பலகையும் வைக்க வேண்டும். தண்டிக்கிற கருவிக்கு இத்தனை நிபந்தனை. ஒரு மனிதரைச் சிவப்பில் நிறுத்திவைக்கும் உணர்விக்கு அந்த விதியில் ஒரு வரிகூட இல்லை. சாலை வடிவமைப்புக் குறையால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவர்மேல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் 198ஏ பிரிவும் உயிரோ உறுப்போ போன பிறகுதான் விழிக்கிறது.

ஆக, நுட்பமும் சட்டமும் பைக்காரரைக் குற்றவாளியாகக் காணப் பழகிய அளவுக்குப் பயணியாகக் காணப் பழகவில்லை. சாலை அமைக்கும் அதிகாரிகளின் கெட்ட எண்ணம் இதற்குக் காரணம் என்று நான் கருதவில்லை. அபராதம் வருவாய் தருகிறது, ரசீதில் படம் இருக்கிறது, வேலை நடந்ததாகக் காட்டலாம். யாரோ ஒருவர் 40 விநாடி குறைவாகக் காத்திருந்தார் என்பதை எந்த ரசீதிலும் காட்ட முடியாது.

8. வாங்குமுன் கேட்க வேண்டியவை

2019இல் மாநகராட்சியான ஓசூருக்கும், நான்கைந்து தேசிய நெடுஞ்சாலைகள் கூடும் கிருஷ்ணகிரிக்கும் வரத்தறியும் சிக்னல்கள் இன்றில்லாவிட்டாலும் நாளை வரும். வடக்கே பெங்களூரில் வந்துகொண்டிருக்கும் ஒன்று இங்கே வராமல் போகாது. அப்போதுதான் இந்த வட்டாரத்தில் ஒரு பைக்காரர் விளக்கின் கணக்கில் விடுபட்டுப் போவது முதல்முறையாகச் சாத்தியமாகும்.

ஒப்பந்தப்புள்ளியில் எழுத வேண்டிய முதல் நிபந்தனை கருவியைப் பற்றியதுகூட இல்லை. வண்டி எதுவும் தெரியவில்லை என்றால் ஒரு சாலையின் முறையைத் தாண்டிச் செல்ல விளக்குக்கு அனுமதி உண்டா என்பதே கேள்வி. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு சாலைக்கும் குறைந்தபட்சப் பச்சை உண்டு என்று கட்டுப்பாட்டுப் பெட்டியில் வைத்துவிட்டால் எந்தப் பைக்கும் விடிய விடிய நிற்காது. சில விநாடிகள் வீணாகும், அவ்வளவுதான். அடுத்தது ஏற்புச் சோதனை. பகலில் நெரிசல் நேரத்தில் ஆயிரம் வண்டிகளில் எத்தனை சதவீதம் எண்ணியது என்ற சராசரி இங்கே உதவாது. அதில் கார்களும் லாரிகளும் பைக்கின் குறையை மூடிவிடும். பி ஷிப்ட் முடியும் இரவு 10 மணிக்குப் பிறகு, கிளைச்சாலையில், மழை பெய்யும்போது, முகப்பு விளக்கு மங்கிய ஒரு பழைய மொபெட்டைத் தனியாக நிறுத்திப் பார்க்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் ஒருமுறை, கோட்டுக்கு முன்னால் ஒருமுறை. சான்று ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்ற 167ஏ விதியின் நிபந்தனையை இந்த உணர்விக்கும் நீட்டிக்க மாநில அரசுக்குத் தடையேதும் இருப்பதாகத் தெரியவில்லை.

எல்லையின் சிக்கல் தனி. தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் ஜூஜூவாடிக்கு இப்பால் டி.என். 70, அப்பால் கே.ஏ. என்று எண்பலகை மாறுகிறதே தவிர, காலையில் இரு பக்கமும் பாயும் தொழிலாளர் வெள்ளம் ஒன்றுதான். பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் காவலின் எல்லை, கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. அத்திப்பள்ளி ஊரகக் காவலின் கீழ் வருகிறது. சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது, விளக்கை இயக்குவது காவல் துறை, பக்கச்சாலை மாநகராட்சியினுடையது. ஒரு சந்திப்பின் வரத்தை அடுத்த சந்திப்புக்கு முன்கூட்டியே சொல்வதில்தான் வரத்தறியும் அமைப்பின் பலனே இருக்கிறது. அபராத ரசீதுக்கு எல்லை ஒரு தடையில்லை: எண்பலகைப் பதிவு தேசியத் தரவுத்தளத்தில் இருப்பதால், கர்நாடகத்துக் கேமரா பிடித்த டி.என். 70 வண்டியின் அபராதம் சூளகிரியில் இருக்கும் உரிமையாளரின் கைபேசிக்கு வந்துவிடும். அத்திப்பள்ளியில் எண்ணிய வரத்தை ஜூஜூவாடி விளக்குக்குச் சொல்ல அப்படிப்பட்ட பொதுத் தளம் எதையும் இரு மாநிலங்களும் ஏற்படுத்திக்கொள்ளவில்லை.